காந்தம் குடித்த டப்பா

எங்கள் அறைக்குள் யார் வந்தாலும் வாசலிலேயே மறித்து, கைப்பேசி உறையில் காந்தம் இருக்கிறதா, கைப்பையின் பித்தான் எதையாவது கவ்வுமா, இடுப்பில் தொங்குவது சாவிக்கொத்தா இரும்புக்கடையா என்று விசாரித்த பிறகுதான் உள்ளே விடுவேன். ஒருமுறை விளக்கு மாற்ற வந்தவரின் திருப்புளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பாவம், அவர் விரலாலேயே திருகி மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கட்டடத்தில் எனக்குச் சோதனைச்சாவடி என்று பெயர்.

நான் சண்டைக்காரன் இல்லை. தொழில் அப்படி. நான் செய்வது மீகடத்திச் சுற்று. நன்றாகக் குளிரவைத்தால் துளி நஷ்டமில்லாமல் மின்சாரத்தை ஓடவிடும் உலோகங்கள் உண்டு. அப்படியொரு உலோகத்தை நகத்தளவு சில்லின் மேல் மெல்லிய பாம்பாக வளைத்து வரைந்து, ஆளுயரக் குளிர்கலத்துக்குள் இறக்கி, மைக்ரோவேவ் அலையை உள்ளே விட்டால், அது தனக்கென்று ஒரே ஒரு சுருதியில் பாடும். அவ்வளவு சுத்தமான சுருதியை வேறெங்கும் கேட்க முடியாது. ஆனால் பயங்கரச் சுகவாசி. கோணலான திசையில் கொஞ்சம் காந்தப்புலம் பட்டாலும் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் அறையில் காந்தம் என்பது கெட்ட வார்த்தை.

இப்பேர்ப்பட்ட நான் கட்டிக்கொண்டது காந்தம் வளர்க்கிறவளை.

வளர்க்கிறவள் என்றால் நிஜமாகவே வளர்க்கிறவள். முதல் மாடியில் உலை வைத்துக் காந்தப் படிகங்களை வளர்ப்பாள். வளர்ந்ததை வெட்டி, உருட்டி உருட்டித் தேய்த்து, கடுகைவிடச் சின்ன மணிகளாக்குவாள். அந்தக் கறுப்பு மணியின் பளபளப்பில் முகம் பார்க்கலாம், முகம் அவ்வளவு சின்னதாக இருந்தால். நான் நிலவறையில், அவள் முதல் மாடியில். நடுவில் இருக்கும் தரைத்தளமும் அதிலிருக்கும் காப்பி இயந்திரமும் எங்கள் சமாதானப் பகுதி. வேலையில் மட்டும் ஒன்றாக இறங்குவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே பேசி முடிவு செய்திருந்தோம். வேலை இடத்தில் பேசியே ஆகவேண்டும் என்றால் நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை சார் என்பாள். பார்க்கிறவர்களுக்கு ரொம்பக் கண்ணியமாகத் தெரியும். அந்த ஒரு சாருக்குள் அவளால் எத்தனை விதமான வசவை அடைக்க முடியும் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தை உடைத்தது மூன்றாவது மாடி. அங்கே உட்கார்ந்திருக்கும் இயக்குநரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மூன்றாவது மாடிக்கு இன்று தலைவலி என்றால் கட்டடம் முழுக்கப் புரிந்துகொள்ளும். ஒருநாள் அவர் என் மனைவியைக் கூப்பிட்டு, படிகம் வளர்க்கும் அறையை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள் என்றார். அவளுடைய பதவி அந்த அறையோடு ஒட்டியது. அறை போனால் பதவியும் போகும்.

"உங்க மணி அழகா இருக்கும்மா. ஆனா அத வச்சு என்ன பண்றதுன்னு கேக்கறாங்க" என்றாராம். "உங்க வீட்டுக்காரர் சுற்றோட சேத்துப் பாருங்களேன். ரெண்டு கோடு பிரிஞ்சு காட்டுங்க. மிச்சத்த நான் பேசிக்கறேன்."

இரண்டு கோடு என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சுற்றின் சுருதி அசையாது. அவளுடைய மணிக்கும் ஒரு சுருதி உண்டு. ஆனால் வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட அது ஏறிக்கொண்டே போகும். ஏறி வருகிற சுருதி, அசையாத சுருதிக்குப் பக்கத்தில் வரும்போது இரண்டில் ஒன்று நடக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால், தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற உறவுக்காரர்களைப் போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். பேச்சு இருந்தால், தொடுவதற்கு முன்பே இரண்டும் வளைந்து விலகும். திரையில் நேராகப் போகும் ஒரு கோடு இருக்கும் இடத்தில் இரண்டு கோடுகள் தெரியும், நடுவில் இடைவெளி விழும். இடைவெளி எவ்வளவு அகலமோ, பேச்சு அவ்வளவு நெருக்கம். அந்த நிலையில் இது காந்தம், அது மீகடத்தி என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஒன்றில் போட்ட சேதியை மற்றதில் எடுக்கலாம். இதை எங்கள் இல்லறத்தோடு ஒப்பிட்டு நண்பர்கள் சொன்ன அத்தனை ஜோக்குகளையும் நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். புதிதாக யாரும் முயல வேண்டாம்.

இதற்கு நடுவில்தான் இன்னொரு நகரத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊர். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் பெரிய உலை, சொந்த அறை, நிரந்தரப் பதவி. குளிர்கலம் மட்டும் கிடையாது. ஆகவே எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றார் அந்தத் துறைத்தலைவர். அதே வெள்ளிக்கிழமை மதியம்தான், படிக அறையை மூடலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டிய மதிப்பீட்டுக் குழு எங்கள் கட்டடத்துக்கு வருவதாக இருந்தது.

எங்களுக்கு ஒரு மகள், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டுச் சண்டைகளில் தீர்ப்புச் சொல்லிப் பழகியதால் அவளை நீதிபதி என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நான் யார்கூட இருப்பேன்?" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பதிலச் சொன்னா அது சரியான பதிலா இருக்காது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைச் சாத்திய விதத்தில் சத்தமே இல்லை. அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகவே சேர்ந்து இறங்கினோம். அவள் தன் மணிகளிலேயே சிறந்ததைக் கொண்டுவந்தாள். நான் என் சுற்றுகளிலேயே சிறந்ததை எடுத்தேன். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்கு முன் செய்தவை எல்லாம் பாடுவதற்குப் பதில் முனகின. காந்தப்புலம் சில்லின் தளத்துக்குச் சரியாக இணையாக இருந்தால் என் சுற்று பொறுத்துக்கொள்ளும், ஒரு பாகை சாய்ந்தாலும் கோபித்துக்கொள்ளும் என்பதால், சில்லைப் பொருத்துவதற்கே ஒரு காலைப்பொழுது ஆனது. பிறகு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் இடுக்கியால் மணியை எடுத்து, பாம்பின் வளைவில் மின்னோட்டம் அதிகமாக ஓடும் இடத்தில் பொட்டுப் பசையில் உட்காரவைத்தாள்.

"இனிமே இது உங்க பொறுப்பு சார். பொண்ணக் குடுக்கற மாதிரி குடுத்துருக்கேன்."

"கண்கலங்காமப் பாத்துக்கறேன் மேடம்."

அவளுக்கு மாடியிலிருந்து போன் வந்தது, போய்விட்டாள். நான் மிச்ச வேலையை முடித்தேன். திருகாணிகளை முடுக்கினேன், கம்பிகளைச் சரிபார்த்தேன், மூடவேண்டியதை மூடினேன், குளிர்கலத்தின் உறைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். இதெல்லாம் பல வருடப் பழக்கம். பல் தேய்க்கிற மாதிரி, யோசிக்கவே வேண்டியதில்லை. பம்புகள் ஓடத் தொடங்கின. குளிர்கலம் தன் வழக்கமான வேகத்தில், அதாவது கழுதை மலையேறும் வேகத்தில், குளிர ஆரம்பித்தது. வாரத்தின் பெரும்பகுதியை அதுவே தின்றது.

வெள்ளிக்கிழமை காலை என் சுற்று பாடியது. பிரமாதமாகப் பாடியது. திரையில் மெல்லிய, பிரகாசமான ஒரு கோடு. குளிர்கலத்தின் வால்பகுதி, வெளியே நிற்கும், அறையில் நான் அனுமதித்திருக்கும் ஒரே காந்தமான பெரிய மின்காந்தத்தின் இரு முகங்களுக்கு நடுவில் தொங்குகிறது. மின்காந்தத்தின் புலத்தை மெல்லக் கூட்டினோம். ஒவ்வொரு படிக்கும் திரையில் ஒரு மெல்லிய பட்டை விழும். பட்டைகள் சேர்ந்து இடமிருந்து வலமாகப் படம் வளரும். மணியின் சுருதி என் சுற்றின் சுருதியைத் தொடவேண்டிய இடம் எதுவென்று அவள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த இடம் வந்தது.

கோடு நேராகப் போனது.

அந்த இடத்தைத் தாண்டினோம். கோடு அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராகவே போனது. கடைசியில் மின்காந்தத்தின் அளவுமானியில் நான் ஒட்டியிருந்த சிவப்பு டேப் வந்தது, நிறுத்தினோம். அதற்கு மேல் போகக்கூடாது என்பது என் சட்டம். முன்பொரு சுற்று அந்த உயரத்தில்தான் ஊமையாகிப் போனது. திரும்ப ஒருமுறை இறக்கி ஏற்றினோம். அதே நேர்கோடு.

"மணி கீழ விழுந்துருக்குமா?" என்றாள்.

"பசை நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு."

"படிகமே சரியில்லையோ? உலைய நான்தான் கொஞ்சம் அவசரமா இறக்கிட்டேனோ?"

அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். மிகவும் பெருந்தன்மையாக, தோளில் கைவைத்து, "எல்லாருக்கும் நடக்கறதுதான், உன் மேல தப்புன்னு யாரும் சொல்லப் போறதில்ல" என்றேன். "என்னோட சுற்று நல்லா வேலை செய்யுது, அதுவே பெரிய விஷயம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் எழுந்து, இடுக்கியை அலமாரியில் வைக்கப் போனாள். போனவள் அங்கேயே நின்றாள்.

"சார்."

இந்தச் சாரை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"இந்தத் தட்டுல ஒரு டப்பா இருக்குமே. பளபளன்னு, பால் சொம்பு மாதிரி."

"ஆமா, தடுப்புக் கூடு" என்றேன் திரையைப் பார்த்துக்கொண்டே. "சில்லு மேல மாட்டறது. வெளிக் காந்தம் எதுவும் உள்ள போயிடாம..."

வாக்கியம் அங்கே நின்றது. நானும் நின்றேன், உட்கார்ந்தபடியே.

"உள்ள போயிடாம?" என்றாள். "சொல்லுங்க. நல்லா சொல்லிட்டு வந்தீங்களே."

தட்டில், தூசிக்கு நடுவில், சுத்தமான வட்டம் ஒன்று இருந்தது. டப்பா அங்கே இல்லை. டப்பா எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் சில்லைப் பொருத்தியதும் என் கை என்ன செய்யுமோ அதையே செய்திருந்தது. காந்தத்துக்காகவே நடத்துகிற பரிசோதனையில், காந்தமணியின் தலையில், காந்தம் நுழையாத கூட்டைக் கவிழ்த்து, நாலு திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தேன். பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கதவை வெளியே பூட்டிவிட்டு வந்த மாப்பிள்ளை நான்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவள் முகம் யோசிப்பது தெரிந்தது.

"சக ஊழியர்ங்கறதால இங்க ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"வீட்டுல நீதிபதி இருக்காளே."

"அவகிட்டயும் சொல்லணும்ல, வழக்கு என்னன்னு."

விளையாட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. குளிர்கலத்தைச் சூடாக்கி, திறந்து, கூட்டைக் கழற்றி, திரும்பக் குளிரவைக்க இன்னொரு வாரம் வேண்டும். குழு மதியம் வருகிறது. அந்த நகரத்துக்குச் சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த இடுக்கியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "டப்பாவோட சுவர் எவ்வளவு தடிமன்?" என்றாள்.

"எதுக்கு?"

"கேட்டதுக்கு பதில்."

சொன்னேன். குறுக்களவைக் கேட்டாள், அதையும் சொன்னேன். வெள்ளைப் பலகையில் என்னுடைய மூன்று வாரச் சமன்பாடுகளைக் கையாலேயே துடைத்துத் தள்ளிவிட்டு எழுதத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை வீட்டில் பார்த்திருக்கிறேன், காப்பி இயந்திரத்தருகே பார்த்திருக்கிறேன். கணக்குப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. பார்க்காமல் விட்டது என் நஷ்டம்தான்.

"உங்க கூடு காந்தத்தைத் தடுக்கல சார்" என்றாள் எழுதிக்கொண்டே. "குடிக்குது. வர்ற காந்தத்த எல்லாம் தன் சுவத்துக்குள்ள இழுத்துக்குது. அதனால உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் போய்ச் சேரல. ஆனா எந்த உலோகமும் ஒரு அளவுக்கு மேல குடிக்க முடியாது. வயிறு ரொம்பிடுச்சுன்னா அப்புறம் அது வெறும் தகரம். மிச்சம் எல்லாம் உள்ளதான் போகும்."

"எப்ப ரொம்பும்?"

"அது ரொம்ப முன்னாடியே ரொம்பிடுச்சு. மணிக்கும் காந்தம் போய்க்கிட்டுதான் இருக்கு. டப்பா குடிச்சது போக மீதி. அவ்வளவுதான், நாம எதிர்பார்த்ததவிடக் கம்மி." பேனாவால் ஓர் எண்ணை வட்டமிட்டாள். "அப்ப வெளிய இன்னும் கொஞ்சம் கூட்டணும். இவ்வளவு."

வட்டமிட்ட எண் என் சிவப்பு டேப்புக்கு மேலே இருந்தது. கொஞ்சம் அல்ல, நன்றாகவே மேலே.

இங்கே நான் உண்மையைச் சொல்லவேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. இதுவரை பாடியதிலேயே நன்றாகப் பாடுகிற சுற்று அது. அந்த உயரத்தில் அது ஊமையானால், குழுவுக்குக் காட்ட ஒரு கோடுகூட மிஞ்சாது. இப்போதே நிறுத்திக்கொண்டால், என் ஒற்றைக் கோட்டைக் காட்டி நான் பிழைத்துக்கொள்ளலாம். நான் மட்டும்.

"அந்த டேப்புக்கு மேல போனா..." என்று ஆரம்பித்தேன்.

"அது யார் ஒட்டுனது? நீங்களா, இயற்கையா?"

"நான்தான். ஆனா காரணத்தோட."

"அந்தப் பழைய சுற்று சாய்ஞ்சு இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. இந்தத் தடவ காலை பூராவும் உக்காந்து நேரா வச்சீங்கல்ல?"

"வச்சேன்."

"ஒழுங்கா வச்சீங்களா?"

"ஒழுங்காத்தான் வச்சேன்."

"அப்ப உங்க கைய நம்புங்க" என்றாள். பிறகு கூட்டின் நினைவு வந்திருக்க வேண்டும். "டப்பா மாட்டற விஷயம் தவிர."

நான் டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பழைய டேப், சுலபத்தில் வரவில்லை. பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மதிப்பீட்டுக் குழு சாப்பாட்டை முடித்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டது, கூடவே மூன்றாவது மாடியும்.

"மெதுவாத்தான் ஏத்த முடியும். வேகமா ஏத்துனா குளிர்கலம் சூடாயிடும்" என்றாள் தாழ்ந்த குரலில். "கொஞ்ச நேரம் இழுங்க."

நேரத்தை இழுப்பது எனக்குக் கைவந்த கலை. வாசலுக்குப் போய் நின்றேன். குழுவில் மூன்று பேர். பார்ப்பதற்கு முன்பே கேள்வி கேட்கிறவர் ஒருவர், எதைச் சொன்னாலும் தலையாட்டும் அம்மாள் ஒருவர், சாப்பாட்டு மயக்கம் கண்ணில் நிற்கும் பெரியவர் ஒருவர். ஒவ்வொருவரையும் வரிசையாக நிறுத்தி, கைப்பேசி, சாவி, கைப்பை என்று சோதித்தேன். கேள்விக்காரரின் இடுப்புப்பட்டையின் கொக்கியைக் கழற்றச் சொன்னேன். அவர் ஏன் என்றார். ஏன் என்று விளக்கினேன், நீளமாக. அந்தப் பெரியவரின் மூக்குக்கண்ணாடியின் கீலில் இருக்கும் திருகாணி எந்த உலோகம் என்று ஆராய்ந்தேன். மூன்றாவது மாடி என்னை முறைத்தார். இயக்குநர் என்றும் பாராமல் அவருடைய பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னால் ஒரு பெரிய மின்காந்தத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் அறைவாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் செய்தேன்.

அதற்கு மேல் சோதிக்க அவர்களிடம் எதுவும் இல்லை. உள்ளே வந்தார்கள். திரைக்கு முதுகைக் காட்டி நின்று நான் பேச ஆரம்பித்தேன். மீகடத்தி என்றால் என்ன, காந்தம் என்றால் என்ன, இரண்டுக்கும் ஏன் ஆகாது, ஏன் ஆகவேண்டும். எனக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகப் புலத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். விசைப்பலகையின் டிக் சத்தம் மட்டும் கேட்டது. டேப் இருந்த இடத்தை எப்போது தாண்டினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. கோடு மங்கி அணைந்துபோயிருந்தால் அதை எல்லோருக்கும் முன்னால் என் முகம் சொல்லிவிடும்.

"இதுவரைக்கும் ஒரு கோடுதான் தெரியுது" என்றார் கேள்விக்காரர்.

ஒரு கோடு தெரிகிறது. அப்படியானால் உயிரோடு இருக்கிறது. எனக்குப் போன மூச்சு வந்தது. இன்னும் வேகமாகப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பம்புகளின் சத்தத்தைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன் என்று பிற்பாடு மூன்றாவது மாடி சொன்னார்.

"இந்த மாதிரி கலவைச் சுற்றுகள்ல வழக்கமா..." என்று கேள்விக்காரர் அடுத்த கேள்வியைத் தொடங்கினார். முடிக்கவில்லை. அவர் கண் என்னைத் தாண்டிப் போனது. தலையாட்டும் அம்மாளின் தலை ஆடாமல் நின்றது. கண்ணயர்ந்திருந்த பெரியவர் கண்ணைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

நான் திரும்பினேன்.

நேராக வந்துகொண்டிருந்த கோடு தலையைத் தூக்கியிருந்தது. மேல்நோக்கி வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஒன்றுமே இல்லாமல் இருட்டாக இருந்த இடத்தில், இன்னொரு கோடு முளைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் பிரகாசம் கூடி, மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் நெருங்கின. நெருங்கிய இடத்தில் தொடாமல், இடித்துக்கொள்ளாமல், விலகின. நடுவில் கறுப்பாக, அகலமாக, சுத்தமான இடைவெளி. இன்னும் சில பட்டைகள் விழுந்ததும் மேல்கோடு ஏறி ஒளிமங்கியது. கீழ்க்கோடு என் சுற்றின் பழைய சுருதியில் போய் நிலைத்தது. ஊமையாவதாவது. என் சுற்று இப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை.

 அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"இடைவெளி கோட்டோட தடிமனவிடப் பல மடங்கு இருக்கு" என்றாள். குரலில் அலுவலகக் கண்ணியம் இருந்தது. கை மட்டும் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "ரெண்டும் பலமா சேர்ந்திருக்குன்னு அர்த்தம்."

கேள்விக்காரர் விடவில்லை. "உங்க சுற்றே இந்த உயரத்துல கெட்டுப் போயி இப்படிக் காட்டலாமே?"

"கெட்டுப் போனது திரும்பி வராது. கீழ இறக்கறேன், பாருங்க. ஒரே கோடாயிடும். மறுபடி ஏத்தறேன், அதே இடத்துக்குப் பக்கத்துலயே பிரியும்."

இறக்கினாள். கீழ்க்கோடு இறங்கி மங்கி மறைந்தது, ஒரே கோடு மிஞ்சியது. "இப்ப நீங்களே ஏத்துங்க" என்று எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். அவர் கொஞ்சம் தயங்கி உட்கார்ந்து, விசையைத் தட்டத் தட்ட, கோடு மறுபடி தலையைத் தூக்கியது. கேள்விக்காரர் இன்னொரு தடவை இறக்கினார். இன்னொரு தடவை ஏற்றினார். நாலாவது தடவை எதற்காகச் செய்தார் என்று தெரியவில்லை. பிடித்திருந்தது போல.

"இது நீங்க அனுப்புன திட்டத்துல சொன்ன புலத்துல வரலியே. ரொம்ப மேல வருது" என்றார் கடைசியாக.

நான் அலமாரியின் வெறும் தட்டைப் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சில்லு மேல ஒரு தடுப்புக் கூடு மாட்டியிருக்கு. மறதில மாட்டிட்டோம். அது குடிச்சது போக மீதிதான் மணிக்குப் போகுது. கணக்கு பலகைல இருக்கு, படம் திரையில இருக்கு. ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கலாம்."

மாட்டிட்டோம் என்றாள். மாட்டிட்டார் என்று சொல்லவில்லை. அந்த ஒரு ஓகாரத்துக்காக நான் ஆயுள் முழுக்கப் பாத்திரம் கழுவத் தயார்.

கேள்விக்காரர் பலகைக்குப் போய் அவள் வட்டமிட்ட எண்ணைப் பார்த்தார். திரைக்கு வந்து இடைவெளி விழுந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி பலகைக்குப் போனார். "கூட்டோட சேத்தே இவ்வளவு வருதா" என்றார். பதில் எதிர்பாராமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. தலையாட்டும் அம்மாள் இந்த முறை ஆட்டியதில் அர்த்தம் இருந்தது. அந்தப் பெரியவர் என் மனைவியிடம் போய், "இந்த மணிய யாரு வளர்த்தா?" என்றார்.

"நான்தான்."

"எங்க?"

"முதல் மாடியில."

"மூடப்போறதா சொன்னாங்களே, அந்த அறையா?" என்று அவர் மூன்றாவது மாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் சொன்னா?" என்றார் மூன்றாவது மாடி. அப்படியொரு பேச்சைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்பது போல. "அந்த அறையப் பெருசாக்கறதப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம்." பிறகு என் மனைவியிடம், "அறை இருக்கும்மா. பதவியும்தான். நாளைக்கே மேல வாங்க, எழுத்துல தர்றேன்" என்றார். என்னிடம் வந்து கையை நீட்டினார். பாராட்டக் கை கொடுக்கிறார் என்று நினைத்து நானும் நீட்டினேன். அவருக்குப் பேனா வேண்டியிருந்தது.

அவர்கள் போனதும் நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்றபடி சிரித்தாள், முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள், மின்காந்தத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "மூக்குக்கண்ணாடி திருகாணி" என்று நடுவில் சொன்னாள், அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவும் சிரிப்பால்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலத்துக்குக் காத்திராமல் அங்கேயே நின்று அந்த நகரத்துக்குப் போன் செய்தாள். "ரொம்ப நன்றிங்க. வர முடியல" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லீங்க, குடும்பக் காரணம் இல்ல. இங்க வேலை நெறைய இருக்கு. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றாள். சொல்லும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது திரையை அல்ல, என்னை. பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வயதுக்காரனைப் போல எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் மகளுக்குப் போன் செய்தேன். பள்ளி விட்டு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ரெண்டு கோடு பிரிஞ்சிடுச்சு" என்றேன்.  "அம்மா எங்கயும் போகல. யாரும் எங்கயும் போகல."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நீதிபதி அழுது நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. நானும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"நிஜமாவா?" என்றாள் கடைசியில்.

"நிஜமா."

"அப்ப நான் இதே ஸ்கூல்தானா?"

"இதே ஸ்கூல்தான்."

மூக்கை உறிஞ்சுவது நின்றது. 

"அப்பா, திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை. எப்படியும் ஊரு மாறிடுவோம்னு நான் புத்தகத்தையே தொடல."

"இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல. உக்காந்து படி."

"இருங்க, இருங்க" என்றாள். குரலில் நீதிமன்றம் கூடிவிட்டது. "அம்மாகிட்ட போனக் குடுங்க. நல்லாப் பாத்தாங்களான்னு கேக்கணும், அது ரெண்டு கோடுதானான்னு."